முதலில் யாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள்?

2024 ஜூன் 25, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் மொட்டைமாடித் தரையில் முந்தைய நாள் சூடு அப்படியே இருந்தது. அந்தச் சூட்டில் உட்கார்ந்து, போனில் பனிக்கட்டி மேல் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் கனடாவின் எட்மன்டனில் வேலை பார்க்கிறான். ஐஸ் ஹாக்கி எனக்கு அவன் மூலமாக வந்தது. ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டம் அன்று. முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற எட்மன்டன் ஆயிலர்ஸ் அடுத்த மூன்றையும் ஜெயித்து வந்திருந்தது. கடைசியில் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 2, எட்மன்டன் 1. அக்கா மகன் போனே பண்ணவில்லை.

ஆட்டம் முடிந்துவிட்டது, இனி அக்டோபரில் பார்க்கலாம் என்று இருந்தேன். ஆனால் ஒரு அணியின் தலையெழுத்து பாதி எழுதப்படுவது ஆட்டமே இல்லாத அந்தக் கோடை மாதங்களில்தான் என்பது அந்த ஆகஸ்டில்தான் எனக்குப் புரிந்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, வெளியிலிருந்து யாரைக் கொண்டுவருவது என்று எல்லா அணிகளும் கணக்குப் போடும் நேரம் அது. எட்மன்டன், ஃப்ளோரிடா, டொராண்டோ மூன்றும் இந்தக் கணக்கை மூன்று விதமாகப் போட்டன.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். தொடரில் 32 அணிகள். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2024-25 பருவத்துக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர், 2025-26க்கு 9 கோடியே 55 லட்சம். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்த வரம்புக்குள் 23 பேர் கொண்ட அணியை அடக்கியாக வேண்டும். ஜூலை 1ஆம் தேதி சந்தை திறக்கும். ஒப்பந்தம் முடிந்த மூத்த ஆட்டக்காரர்கள் அன்றிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். இளையவர்களுக்கு அப்படி இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் உரிமை பழைய அணியிடமே இருக்கும். வேறு அணி அவர்களுக்கு 'ஆஃபர் ஷீட்', அதாவது இவ்வளவு சம்பளம் என்று எழுதிய ஒப்பந்தம், நீட்டலாம். அதே தொகையைத் தருகிறேன் என்று ஏழு நாளுக்குள் சொன்னால் பழைய அணி ஆளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புது இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் முறைகளை, ஈடாக வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்க வேண்டும். ஐபிஎல் ஏலத்தின் ஆர்டிஎம் கார்டு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

சரி, எட்மன்டனுக்கு வருவோம்.

கோப்பை ஒரு கோல் வித்தியாசத்தில் கைநழுவிய அணி அது. இன்னும் ஒன்றிரண்டு கோல் அடிக்கிற ஆள் இருந்திருந்தால் என்ற எண்ணம் யாருக்கும் வரும். 2024 ஜூலை 1 அன்று சந்தைக்குப் போய் ஜெஃப் ஸ்கின்னரை ஒரு வருடத்துக்கு 30 லட்சம் டாலருக்கும், விக்டர் ஆர்விட்சனை இரண்டு வருடத்துக்கு, வருடம் 40 லட்சம் டாலருக்கும் எடுத்தார்கள். இரண்டு பேரும் முப்பதைத் தாண்டிய, பெயர் எடுத்த ஆட்டக்காரர்கள். இதற்கு முன்பே கோல்கீப்பர் ஜாக் கேம்பலின் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்திருந்தார்கள். மூன்று வருட பாக்கி ஆறு வருடமாகப் பிரிந்து, அவர் ஆடாமலே அணியின் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

இத்தனை வேலைக்கு நடுவில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். 2019 டிராஃப்டில் எட்டாவதாக எடுத்த தடுப்பாட்டக்காரர் பிலிப் ப்ரோபெர்க் ஒருவர், 2020இல் பதினான்காவதாக எடுத்த முன்கள ஆட்டக்காரர் டிலன் ஹாலோவே இன்னொருவர். இருவரையும் எட்மன்டன்தான் எடுத்து வளர்த்தது. அந்த இறுதிச்சுற்றிலும் ஆடியவர்கள்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி செயின்ட் லூயிஸ் புளூஸ் இருவருக்கும் ஒரே நாளில் ஆஃபர் ஷீட் நீட்டியது. ப்ரோபெர்க்குக்கு வருடம் 45 லட்சத்து 80 ஆயிரத்து 917 டாலர். ஹாலோவேவுக்கு 22 லட்சத்து 90 ஆயிரத்து 457. கடைசி இலக்கம் வரை ஏன் இப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஈடு எவ்வளவு என்பதற்குத் தொகை வாரியாகப் படிகள் உண்டு. இந்த இரண்டு தொகையும் அந்தந்தப் படியின் உச்சியில் நிற்பவை. ப்ரோபெர்க்குக்கு இன்னும் ஒரு டாலர் கூடக் கொடுத்திருந்தால் முதல் ரவுண்ட் வாய்ப்பையும் மூன்றாவது ரவுண்ட் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு டாலரை நிறுத்தியதால் இரண்டாவது ரவுண்ட் வாய்ப்பு ஒன்றோடு போயிற்று. அந்த வாய்ப்புகூட அப்போது செயின்ட் லூயிஸ் கையில் இல்லை. பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்திருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் ஷீட்டை நீட்டினார்கள். அவ்வளவு தயாராக வந்திருந்தார்கள்.

அன்றிரவு அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, நம்ம ரெண்டு பசங்களையும் தூக்கிட்டுப் போயிடுவானுங்கபா" என்றான். "இன்னும் ஏழு நாள் இருக்கே" என்றேன். "காசு எங்க மாமா இருக்குது? அதத்தான் ஜூலைலயே செலவு பண்ணிட்டாங்களே" என்றான். ஆகஸ்ட் 20ஆம் தேதி எட்மன்டன் இருவரையும் விட்டுவிட்டது.

இப்போது கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்ட இரண்டு பேரின் சம்பளம் வருடம் 68 லட்சத்து 71 ஆயிரத்து 374 டாலர். எடுத்த இரண்டு பேரின் சம்பளம் 70 லட்சம். கிட்டத்தட்ட ஒரே பணம். 2024-25 பருவத்தில் ஹாலோவே 26 கோல், 63 புள்ளி (அடித்த கோலும், அடிக்க உதவிய கோலும் சேர்ந்த கணக்கு). தடுப்பாட்டக்காரரான ப்ரோபெர்க் 8 கோல், 29 புள்ளி. ஸ்கின்னர் 16 கோல், 29 புள்ளி. ஆர்விட்சன் 15 கோல், 27 புள்ளி. பிளேஆஃப் வந்தபோது ஸ்கின்னரைப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்காரவைத்தார்கள். 2025 கோடையில் அவர் சான் ஹோசேவுக்கும் ஆர்விட்சன் பாஸ்டனுக்கும் போய்விட்டார்கள். ஒரே வருடத்தில் இருவரும் இல்லை. ஹாலோவேவுக்கு அப்போது 23 வயதுதான்.

எட்மன்டன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2023-24 வழக்கமான பருவத்தில் ஹாலோவே ஆடியது 38 ஆட்டம், எடுத்தது 9 புள்ளி. ப்ரோபெர்க் 12 ஆட்டம், 2 புள்ளி. இதை வைத்துக்கொண்டு 45 லட்சம் கொடு என்றால் எந்த நிர்வாகியும் யோசிப்பார். அந்த ஏழு நாளில், அந்த விலைக்கு, விட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு செப்டம்பரில் தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் லியோன் ட்ரைசைட்டிலுக்கு வருடம் 1 கோடியே 40 லட்சம் என எட்டு வருட ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, அதையும் மனதில் வைத்திருப்பார்கள். தப்பு நடந்தது ஜூலை 1 அன்று. சொந்தப் பையன்கள் இரண்டு பேரும் பேசி முடிக்காமல் இருக்கும்போது சந்தைக்குப் போனார்களே, அங்கே. ஷீட் வருவதற்கு முன் இதைவிட ரொம்பக் குறைந்த தொகையில் பேசி முடித்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நானே இதைச் செய்திருக்கிறேன். குடியாத்தத்தில் 14 மிஷின் வைத்து ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் பெரியதாக வந்தது. ஆம்பூரிலிருந்து இரண்டு அனுபவசாலி டெய்லர்களை அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தேன். அதே வாரம் என் யூனிட்டிலேயே தொழில் கற்ற இரண்டு பையன்கள் கூலி ஏற்றிக் கேட்டார்கள். "தீபாவளி போகட்டும்பா, பேசிக்கலாம்" என்றேன். அதில் ஒருவன் போஸ்ட் பெட் மிஷினில் உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூக்குப் பக்கத்து வளைவு வரும்போது எல்லோரும் ஒரு நொடி நிறுத்தி, தோலைத் திருப்பி, மறுபடி மிதிப்பார்கள். அவன் நிறுத்த மாட்டான். இடது கைப் பெருவிரலால் தோலை மெல்லத் தள்ளிக்கொண்டே வருவான், ஊசி அந்த வளைவோடு தானாகப் போகும், தையல் ஒரு இடத்தில்கூட நெருங்காது, விலகாது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி இரண்டு பேரையும் நாளுக்கு 80 ரூபாய் கூடக் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டது. தீபாவளி முடிந்ததும் ஆம்பூர்க்காரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, பேசிய வேலையை முடித்துக் கொடுத்துத்தான் போனார்கள்.

ஃப்ளோரிடா என்ன செய்தது? 2024இல் கோப்பை ஜெயித்த கையோடு, சந்தை திறப்பதற்கு முன்பே சாம் ரைன்ஹார்ட்டை எட்டு வருடத்துக்குப் பேசி முடித்தார்கள். அந்தப் பருவத்தில் 57 கோல் அடித்தவர் அவர். வருடம் 86 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அதற்காகச் சிலரை விட வேண்டியிருந்தது. பிராண்டன் மோன்டூர் சியாட்டிலுக்கு ஏழு வருடம், மொத்தம் 5 கோடி டாலருக்குப் போனார். ஃப்ளோரிடா எதிர்த்துப் பேரம் பேசிக்கொண்டிருக்கவில்லை. தடுப்பில் விழுந்த ஓட்டையை 8 லட்சம் டாலருக்கு நேட் ஷ்மிட்டைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 2025 மார்ச்சில்தான் சிகாகோவிலிருந்து சேத் ஜோன்ஸ், பாஸ்டனிலிருந்து பிராட் மார்ஷண்ட் என்று பெரிய பெயர்கள் வந்தன. அந்த ஜூனில் மறுபடி இறுதிச்சுற்று, மறுபடி எட்மன்டன். ஆறாவது ஆட்டம் 5-1. அதில் நான்கு கோல் ரைன்ஹார்ட்டுடையது.

2025 கோடையில் இன்னும் கடினமான கேள்வி வந்தது. மூன்று பேரின் ஒப்பந்தம் ஒரே சமயத்தில் முடிந்தது. பிளேஆஃபில் 15 கோல் அடித்துத் தொடர் நாயகன் விருது வாங்கிய சாம் பென்னட், 2014 டிராஃப்டில் முதலாவதாக எடுத்த ஆரன் எக்ப்ளாட், அப்புறம் 37 வயது மார்ஷண்ட். மூன்று பேரில் இரண்டு பேர் தங்கினாலே பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். பொதுமேலாளர் பில் ஸீட்டோ மூவரையும் வைத்துக்கொண்டார். பென்னட் எட்டு வருடம், வருடம் 80 லட்சம். எக்ப்ளாட் எட்டு வருடம், 61 லட்சம். மார்ஷண்ட் ஆறு வருடம், 52 லட்சத்து 50 ஆயிரம். மூன்றும் சந்தை திறக்கும் முன் முடிந்துவிட்டன.

ஃப்ளோரிடாவுக்கு ஒரு சாதகம் உண்டு: அங்கே மாநில வருமான வரி கிடையாது. அதே சம்பளத்துக்குக் கையில் நிற்பது கனடா அணிகளில் கிடைப்பதைவிட அதிகம். எட்மன்டனால் அந்த விலைக்கு அப்படி மூவரை நிறுத்தியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடனும் இருக்கிறது. மார்ஷண்டின் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 43 வயது, மற்ற இருவருக்கும் 37. உடம்பு எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? 2025 செப்டம்பரில் பருவம் தொடங்கும் முன்பே, பயிற்சியில் கேப்டன் பார்கோவின் முழங்கால் தசைநார்கள் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போனார். ஆட்களை ஒன்றாகக் கட்டிவைக்கலாம், முழங்காலுக்கு ஒப்பந்தம் போட முடியாது. இருந்தாலும் என்னைக் கேட்டால் நான் ஃப்ளோரிடா பக்கம்தான். கோப்பை எடுத்தவர்களை நீட்டித்து வைத்துக்கொண்டு பின்னால் வரும் கடனைச் சுமப்பது, கோப்பையும் இல்லாமல் ஆளும் இல்லாமல் நிற்பதைவிட மேல்.

டொராண்டோ விவகாரம் இந்த இரண்டிலும் சேராது. மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை எடுத்தது 1967இல். ஸ்கார்பரோ தமிழர்கள் வீட்டுப் பிள்ளைகள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அதற்காகக் காத்திருக்கிறார்கள். 2025இல் ஃப்ளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில், சொந்த ஊரிலேயே 6-1 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தில் 102 புள்ளி எடுத்த மிட்ச் மார்னர் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் ஊரில் பிறந்தவர். அவரோடு முந்தைய கோடையிலேயே புது ஒப்பந்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. 2025இல் எட்டு வருடம், வருடம் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு வேகாஸுக்குப் போனார். அங்கேயும் மாநில வருமான வரி இல்லை. பதிலுக்கு டொராண்டோவுக்குக் கிடைத்தது நிக்கோலா ருவா என்ற ஒரே ஆட்டக்காரர்.

மார்னரை விட்டதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது பருவத்தில் அந்த அணி இரண்டே இரண்டு பிளேஆஃப் சுற்றுகளை ஜெயித்தது, மாற்றம் வேண்டியதுதான். விட நினைத்திருந்தால் ஒரு வருடம் முன்னால், அவர் சம்மதத்தோடு, நல்ல விலைக்கு விட்டிருக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் டொராண்டோ 2024இன் எட்மன்டனைவிடச் சரியாக நடந்தது. இளம் ஆட்டக்காரர் மேத்யூ நைஸை, வேறு யாரும் ஷீட் நீட்டுவதற்குள், ஆறு வருடத்துக்கு வருடம் 77 லட்சத்து 50 ஆயிரம் என்று முடித்துவிட்டார்கள். 1 கோடியே 10 லட்சம் வாங்கிக்கொண்டிருந்த ஜான் டவாரஸ் சொந்த ஊர் அணிக்காக 43 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கிவந்தார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எட்மன்டனும் பாடம் படித்தது. 2025இல் எவான் பூஷாரின் ஒப்பந்தம் முடிந்தது. ப்ரோபெர்க் போலவே அவரும் தடுப்பாட்டக்காரர், ஷீட் நீட்டக்கூடிய நிலையில் இருந்தவர். இந்த முறை ஜூன் 30 அன்றே, நான்கு வருடத்துக்கு வருடம் 1 கோடியே 5 லட்சம் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விலை அதிகம்தான். ஆனால் மறுநாள் சந்தைக்குப் போகும்போது வீட்டில் பெரிய பாக்கி எதுவும் இல்லை.

அப்புறம் அக்டோபரில் கேப்டன் கானர் மெக்டேவிட். அவர் எவ்வளவு கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். அவர் இப்போது வாங்கும் அதே 1 கோடியே 25 லட்சத்துக்கு, மேலும் இரண்டே வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ட்ரைசைட்டில் வாங்குவதைவிட 15 லட்சம் குறைவு. செய்தி வந்த அன்று அக்கா மகன் சந்தோஷமாகப் பேசினான், நடுவில் கொஞ்சம் பயமும் தெரிந்தது. 2026-27க்கு உச்சவரம்பு 10 கோடியே 40 லட்சமாக ஏறுகிறது. கேப்டன் விட்டுக்கொடுத்த பணமும் ஏறுகிற வரம்பும் சேர்ந்து, 2026 ஜூலை 1 அன்று முதலில் யார் கைக்குப் போகிறது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.