டேபிள் ரோஸ் விதையா, ஐஸ் பிளான்ட் விதையா?

விதைக் கடையில் இரண்டு பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் தொங்கும். இரண்டுக்கும் சதைப்பற்றான இலை. இரண்டும் ஒரு பருவத்துச் செடி. இரண்டுமே நல்ல வெயில் இல்லாவிட்டால் பூவைத் திறக்காது. அட்டைப் படத்தைப் பார்த்து எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன். கோவையில் ஒரு மார்ச் மாதம் இரண்டையும் மொட்டைமாடித் தொட்டிகளில் ஒரே நாளில் விதைத்தேன். டேபிள் ரோஸ் பத்தே நாளில் பச்சைக் கம்பளம் விரித்தது. ஐஸ் பிளான்ட் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்து, ஏப்ரல் வெயிலில் சுருண்டுபோனது.

தப்பு விதையில் இல்லை, மாதத்தில். பத்து மணிப் பூ என்று நாம் சொல்லும் டேபிள் ரோஸ், பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். 25 டிகிரியோ அதற்குச் சற்று மேலோ சூடு இருந்தால்தான் உற்சாகமாக முளைக்கும். ஐஸ் பிளான்ட் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் குளிரில் முளைத்து, கோடை உக்கிரமாவதற்குள் பூத்து விதைபோட்டு முடித்துக்கொள்ளும். முளைக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். டெல்லிப் பக்கம் இதைக் குளிர்காலப் பூவாக வளர்ப்பது இதனால்தான். ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்குக் கவலையில்லை. கோவை, ஓசூரில் வடகிழக்கு மழை ஓய்ந்ததும் நவம்பர் கடைசியில் விதைத்துப் பார்க்கலாம். சென்னை, மதுரை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

விதைக்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே தூசி மாதிரியான விதை. கீரை விதையைத் தூவுவது போலக் காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். டேபிள் ரோஸ் முளைக்க வெளிச்சம் தேவை, மேலே மண் போட்டு மூடாதீர்கள். ஐஸ் பிளான்ட்டுக்கு மெல்லிய மணல் போர்வை போதும். செம்மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணல், ஒரு கை மண்புழு உரம், அவ்வளவுதான். உரம் கூடினால் இலைதான் கொழுக்கும். குவளையால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுவது நல்லது. முளைத்த பிறகும் ஈரம் தேங்கினால் நாற்றழுகல் வரும். இதில் ஐஸ் பிளான்ட் இன்னும் நோஞ்சான்.

அழகு? இங்கே என் மனசு ஐஸ் பிளான்ட் பக்கம் சாய்கிறது. இலை முழுக்கச் சர்க்கரை தூவியது போல மினுக்கும். நீர் நிறைந்த நுண்ணிய கொப்புளங்கள்தான் அப்படித் தெரிகின்றன. பூவில் வளையம் வளையமாக நிறம் மாறும். ஒரே பூ மாலையில் மூடி, மறுநாள் வெயிலில் மறுபடி விரிந்து, பல நாள் நிற்கும். டேபிள் ரோஸ் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், மதியத்துக்கு மேல் வாடிவிடும். ஆனால் அடுத்த நாள் காலை அதே தொட்டியில் புதிதாக இருபது பூ நிற்கும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அடுக்குப் பூ என்று எழுதிய பாக்கெட்டை வாங்கினால் மட்டும் கொஞ்சம் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். நடுவே சில ஒற்றைப் பூச்செடிகளும் முளைக்கும். பிடித்த நிறத்தை அப்படியே பெருக்க விதையை நம்ப வேண்டாம், ஒரு துண்டுத் தண்டைக் கிள்ளி நட்டாலே போதும்.

சமவெளியில் ஒரே ஒரு பாக்கெட்டுக்குத்தான் காசு என்றால் டேபிள் ரோஸ்தான்.

அப்புறம் விதை சேகரிப்பு. டேபிள் ரோஸ் காய் முற்றிக் காய்ந்ததும் குப்பி மூடி போல மேல்பாதி கழன்றுவிடும், உள்ளே சாம்பல் நிற விதை பளபளக்கும். கைபட்டாலே கொட்டும் என்பதால் அடியில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐஸ் பிளான்ட் நேர் எதிர். காய்ந்தால் இறுக மூடிக்கொண்டு, நனைந்தால் திறக்கும். வறண்ட ஊரில் மழை வந்த பிறகு விதையை வெளியே விடுவதற்கான ஏற்பாடு. மழைக்கு முன்பே காயைப் பறித்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த காய் ஒன்றை ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள், சில நிமிடத்தில் பூ மாதிரி விரியும். என் வீட்டில் பூவைவிட இதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் கூடுகிறார்கள்.