பிடுங்கலாமா, ஓரத்தை மட்டும் எடுக்கலாமா?

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கினால் பலரும் முதலில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டுவார்கள். குளுகுளுவென்று இருக்கும், குத்திய நகம் குத்தியபடியே இருக்கும். உப்பு போட்ட வெந்நீர், நகத்தடியில் பஞ்சுத் திரி எல்லாம் ஆரம்பக்கட்டத்துக்குச் சரி. ஓரத்தில் சிவப்பாகச் சதை துளிர்த்துச் சீழும் வைத்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

எந்த முறையானாலும் விரலின் அடியில் இரு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அன்றைக்குப் படும் பெரிய வலி அதுதான்.

எனக்கு முதலில் செய்தது முழு நகத்தையும் பிடுங்குவது. சில நிமிட வேலை. ஆனால் நகத்தின் வேர், அடித்தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் பழைய அகலத்திலேயே புது நகம் வரும். அது முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குள், அழுத்திப் பிடிக்க நகம் இல்லாததால் விரல் நுனிச் சதை மேடாகிவிடும். வருகிற நகம் அதில் போய் முட்டும். எனக்கு 14-வது மாதம் அதே ஓரம் குத்தியது. வேரை விட்டுவிட்டு நகத்தை மட்டும் பிடுங்குவதை இன்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவை ஓரத்தில் 3, 4 மில்லிமீட்டர் கீற்றை மட்டும் எடுத்து, அந்த மூலையில் இருக்கும் வேரைப் பீனால் என்ற ரசாயனம் வைத்துக் கருக்கினார்கள். ரத்தம் கலந்தால் பீனால் நீர்த்துப்போகும் என்று விரலை ரப்பரால் இறுக்கிக் கட்டினார்கள். அறை முழுக்கப் பழைய கார்பாலிக் சோப்பு வாசனை. பீனால் நரம்பு நுனிகளையும் சேர்த்துக் கருக்குவதால் பிறகும் வலி குறைவு. தொல்லை வேறு இடத்தில்: அது ரசாயனத் தீப்புண். 2 முதல் 4 வாரம் நீர் கசியும். நகம் நிரந்தரமாகக் கொஞ்சம் ஒடுங்கிவிடும். ஆனால் அந்த ஓரம் திரும்பக் குத்தும் வாய்ப்பு மிகவும் குறைவு. கர்ப்பிணிகளுக்குப் பீனாலைத் தவிர்ப்பார்கள்.

பீனாலுக்குப் பதில் கத்தியாலேயே வேரைச் சதையோடு ஆப்பு வடிவில் வெட்டித் தையல் போடுவது வினோகிராட் முறை, 1929-லிருந்து இருக்கிறது. கசிவு குறைவு, வலி அதிகம். வேரில் துளி மிஞ்சினாலும் முள் மாதிரி நகத்துணுக்கு முளைக்கும்; செய்பவரின் கைப்பக்குவம்தான் எல்லாம்.

1959-இல் வந்த வாண்டன்போஸ் முறை வழக்கையே திருப்பிப் போடுகிறது: குற்றவாளி நகமல்ல, சதை. நகத்தைத் தொடாமல் பக்கத்துச் சதையைத் தாராளமாக வெட்டி, தையல் இல்லாமல் தானாக ஆற விடுவார்கள். ஆற 6 வாரம்கூட ஆகலாம், ஆரம்பத்தில் ரத்தமும் அதிகம். ஆனால் நகம் முழு அகலத்தில் அப்படியே இருக்கும். ஓரச் சதை புடைத்த இளவயதுக்காரர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நகமே தடித்துக் கோணலாகித் திரும்பத் திரும்பத் தொல்லை தந்தால், மொத்த வேரையும் எடுக்கும் ஜாடிக் முறை உண்டு. அப்புறம் அந்த விரலில் நகம் கிடையாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதில் எதற்கும் முன் காலில் ரத்த ஓட்டம் சரியா என்று பார்த்துவிட வேண்டும்.

இடது கால் என்றால் இன்னொன்று: ஊசி போடுவதற்கு முன்பே வீடு திரும்ப ஆட்டோ பேசிவிடுங்கள். பைக் கியரை மேலே தூக்குவது அந்த விரல்தான்.