பவளத்துக்குத் தீனி: பொடியா, உறைந்த இறாலா, உயிருள்ள குஞ்சா?

வீட்டில் கடல்நீரில் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு விளக்கில் தொடங்கித் தீனியில் வந்து நிற்கும். பொடி போடாமல் பவளம் வளராது என்பார் ஒருவர். மீனுக்குப் போடுவதே போதும் என்பார் இன்னொருவர். இருவர் தொட்டியும் நன்றாகவே இருக்கும். அவர்கள் வளர்க்கும் பவளம் வேறு வேறு, அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கும் பெரும்பாலான பவளங்களின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது தயாரித்துத் தரும் சர்க்கரையும் கொழுப்பும் பவளத்தின் எரிசக்தித் தேவையில் 90 சதவீதம் வரைகூட ஈடுகட்டிவிடும். ஆனால் அந்தச் சாப்பாட்டில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. புதிய திசு கட்ட இவை இரண்டும் வேண்டும். அதற்காகத்தான் பவளம் இரை பிடிக்கிறது. ஆகவே தீனி ஒருநாளும் விளக்குக்கு மாற்று ஆகாது. மங்கலான விளக்கின் கீழ் வாடும் அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளம் எவ்வளவு பொடி தூவினாலும் தேறாது.

முதல் வழி, தனியாக எதுவும் போடாமல் மீனுக்கு மட்டும் நன்றாகப் போடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மீன் வெளிவிடும் அம்மோனியாவைப் பவளமும் அதன் பாசியும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். மீன் தின்று சிதறிய துணுக்கும் பாலிப்புகளுக்கு, அதாவது பவளத் தொகுப்பின் வாயுள்ள ஒவ்வொரு சின்ன உயிருக்கும், போய்ச் சேரும். காளான் பவளம், சோவாந்தஸ், லெதர், சீனியா எல்லாவற்றுக்கும் இது தாராளம். மீன் குறைவாக உள்ள தொட்டியில்தான் சிக்கல்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, பவளம் வெளுத்து, மணல்மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பான டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படரும். அப்போதும் முதல் மருந்து, மீனுக்குத் தீனியைக் கூட்டுவதுதான்.

அடுத்தது பொடி. ரீஃப்-ராய்ட்ஸ் போன்றவை இந்த வகை. கோனியோபோராவுக்கும், வாய் சிறுத்த மற்ற பவளங்களுக்கும் பொருத்தமான அளவு. பிரச்சினை, போடும் விதத்தில். நீரோட்டத்தில் அப்படியே தூவினால் கொஞ்சம்தான் பாலிப்பில் ஒட்டும். மிச்சம் பாறை இடுக்கிலும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையிலும் போய்ச் சேரும். இடுக்கில் தங்கியது அழுகி பாஸ்பேட்டாக வரும், பின்னாலேயே முடிப்பாசி வரும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கில் தொடங்குங்கள். சில வாரம் பாஸ்பேட்டை அளந்து பார்த்து, 0.03 முதல் 0.1 பிபிஎம்முக்குள் நின்றால் மட்டும் கூட்டலாம். என் கணக்கில் பொடியின் உண்மையான பயன் வேறு: அதன் வாசனை. ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால், மூடிக் கிடந்த பவளம் கைகளை நீட்டிவிடும். அப்புறம் கொடுக்கும் இறால் வீணாகாது.

அந்த இறால்தான் மூன்றாவது வழி. உறைந்த மைசிஸ் (இறால் மாதிரியான சிறு உயிர்), அதைவிடப் பொடியான சைக்ளோப்ஸ் இரண்டையும் நீண்ட பிப்பெட்டில் எடுத்து ஒவ்வொரு பவளத்துக்கும் தனியாகக் கொடுப்பது. பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுகிற வேலை இது. அலை பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவிட்டு, மைக்ரோமுஸா பவளம் ஒன்றின் மேல் இரண்டு மைசிஸை மெதுவாக இறக்கிப் பாருங்கள். ஓரத்துக் கைகள் முதலில் ஒட்டிக்கொள்ளும். சதை உள்நோக்கிச் சுருண்டு, நடுவில் கோடாக இருந்த வாய் விரிந்து, இறால் தலையோ வாலோ முதலாக உள்ளே போகும். முழுசாக விழுங்கப் பல நிமிடம் ஆகும். அதற்குள் கிளீனர் இறால் வந்து வாயிலிருந்தே பிடுங்கும். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியைக் கூடாரம் மாதிரி கவிழ்த்துவிட்டு, கழுத்து வழியாகப் பிப்பெட்டை விடுங்கள், திருட்டு நிற்கும். ஸ்கோலிமியா, டிராக்கிஃபில்லியா, டங்கன் போன்ற பெரிய வாய்ப் பவளங்கள் எல்லாம் வாரம் ஒருமுறை, இருமுறை இப்படிக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருத்துவிடும். டார்ச், ஹேமர் பவள வகைகளுக்கு இறாலை நறுக்கிக் கொடுங்கள். பெரிய துண்டைப் பல நேரம் துப்பிவிடும்.

உறைந்த கட்டியை டீ வடிகட்டியில் அலசினால் பாஸ்பேட் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அலசுவதில் தப்பில்லை, ஆனால் பாஸ்பரஸின் பெரும்பங்கு கரைந்த நீரில் இல்லை, இறாலின் உடம்பிலேயே இருக்கிறது. கொடுக்கும் அளவைக் குறைப்பதுதான் வழி.

உயிருள்ள தீனி என்றால் ஆர்டீமியா குஞ்சு, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் மாதிரியான உயிரின் குஞ்சு. சத்து, அளவு, அசைவு மூன்றிலும் பவளத்துக்குப் பிடித்தமானது இதுதான். மனிதனுக்குத்தான் பிடிக்காது, ஏனென்றால் தினசரி வேலை. கவிழ்த்த பாட்டிலில் லிட்டருக்கு 25, 30 கிராம் உப்பு, நல்ல காற்று, வெளிச்சம், 28 டிகிரி. 24 மணி நேரத்தில் ஆரஞ்சு மேகமாகப் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சம் பக்கம் கூடும். ஓடு கலக்காமல் உறிஞ்சி, வடிகட்டி, உடனே கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போகக் குஞ்சின் மஞ்சள்கரு கரைந்து சத்து இறங்கும். இந்த ஆர்டீமியா தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்கிறது. பவளத்தின் கதை வேறு: கல்பவளங்கள் 2001 முதல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது நீட்டினால், கையை நீட்டாதீர்கள்.

பச்சைப் பாசிநீர், அதாவது நானோகுளோராப்சிஸ் மாதிரியான ஃபைட்டோ, கல்பவளத்துக்கு ஏறக்குறைய வீண். துகள் மிகச் சிறியது, பெரும்பாலானவை அதைச் சீண்டுவதில்லை. தொட்டியின் கோபிபாட்களை (இறால் இனத்து நுண்ணிய உயிர்கள்) வளர்க்க வாங்கினால் சரி.

கலப்புத் தொட்டிக்கு என் தேர்வு: மீனுக்கு நிறைவாகப் போட்டு, பெரிய வாய்ப் பவளங்களுக்கு மட்டும் பிப்பெட்டில் மைசிஸ். அக்ரோபோரா மட்டும் வைத்திருப்பவர் பிப்பெட்டே எடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு செல்லாத இடம், பாசியே இல்லாத பவளங்கள். ஆரஞ்சு நிற சன் கோரலுக்கு விளக்கு ஒன்றும் தராது. ஒவ்வொரு பாலிப்புக்கும் வாரத்தில் பலமுறை ஊட்ட வேண்டும், இல்லையென்றால் தொகுப்பின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காலியாகும். வண்ணவண்ணமாகக் கடையில் மயக்கும் டென்ட்ரோநெப்தியா என்ற மென்பவளம் அதைவிட மோசம். அது ஃபைட்டோவை உண்டு வாழ்வதைச் செங்கடலில் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். ஆனால் கடலில் அந்தத் தீனி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அதை வீட்டில் ஓட்டினால் தண்ணீர் கெடும், ஓட்டாவிட்டால் பவளம் சுருங்கிச் சாகும். வாங்காதீர்கள்.