தீர்ப்பு எழுதாத நாவல்கள்

கடந்த சில மாதங்களில் ஐந்து தமிழ் நாவல்களை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். அவற்றில் இரண்டு எனக்குப் புதியவை; மற்ற மூன்றும் பல ஆண்டுகளுக்கு முன்பு படித்து, கதை மட்டும் மங்கலாக நினைவில் தங்கியிருந்தவை. எந்தத் திட்டமும் இல்லாமல் கைக்குக் கிடைத்த வரிசையில்தான் படித்தேன். ஆனாலும் முடித்தபின் யோசித்துப் பார்த்தபோது, ஐந்து நாவல்களின் நடுவிலும் ஊர் உலகம் குற்றம் சாட்டும் ஒருவர் நிற்பது தெரிந்தது. அந்த மனிதரை எழுத்தாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை வைத்தே நான் ஒரு நாவலை மதிப்பிட்டு வந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் எனக்கே தெளிவானது. எனவே இந்த மதிப்புரையை அந்த ஒரு கேள்வியை ஒட்டியே எழுதுகிறேன்.

முதலில் இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல் இது. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். சில ஆண்டுகளுக்குப் பிறகு உடல் முழுவதும் தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியே, காத்திருக்கும் உறவினர்களின் பேச்சிலேயே நகர்கிறது. அவள் தானே தீ வைத்துக்கொண்டாளா, கணவன் வைத்தானா, அல்லது விபத்தா என்ற கேள்வி ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக வருகிறது. துப்பறியும் கதையாக இருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடத்தில் கதை முடிந்துவிடும். இமையம் விடையைத் தேடிப் போவதே இல்லை. விடை கிடைத்தாலும் அந்தத் தாய் அமராவதிக்கும் தந்தை நடேசனுக்கும் ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பதை அவர் முதலிலிருந்தே அறிந்தவராக எழுதுகிறார். என்னை அதிகம் அசைத்தது ரவிக்கும் பேச இடம் கொடுத்திருப்பது. அவன் மீது நமக்கு வெறுப்பு ஊறிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பேச்சும் நம் காதில் விழுகிறது. வெறுப்பு குறைவதில்லை, ஆனால் முன்பிருந்த உறுதி போய்விடுகிறது. மகளின் திருமணத்துக்கு வேண்டாவெறுப்பாக உடன்பட்டு, பிறகு அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட குடும்பத்தின் பங்கு என்ன என்ற கேள்வியும் யாரும் கேட்காமலேயே எழுந்து நிற்கிறது.

குறையும் உண்டு. உரையாடலிலேயே நாவலை நடத்துவது இமையத்தின் பலம்தான் என்றாலும், ஒரே புலம்பல் ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வருவது சில இடங்களில் களைப்பூட்டியது. மருத்துவமனை வாசலில் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நடுப்பகுதியில் சற்றுக் கத்தரித்திருந்தால் வலி இன்னும் கூர்மையாக இறங்கியிருக்கும்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. நான் இதை இவ்வளவு காலம் படிக்காமல் இருந்தது எனக்கே வருத்தம் தருகிறது. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம், தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டிக் கொன்றுவிட்டு, தந்தையோடு தலைமறைவாகிறான். கொலை நாவலின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் தந்தையும் மகனும் மலையிலும் காட்டிலும் ஓடைக்கரையிலும் ஒளிந்து திரிந்த சில நாட்களின் கதை. என்ன கிடைக்கும், எங்கே சமைப்பது, எந்தப் பாறை இடுக்கில் படுப்பது என்பவைதான் பக்கங்களை நிரப்புகின்றன. கொலை செய்தவன் ஒரு சிறுவன் என்பதைப் பூமணி எங்கும் எடுத்துச் சொல்லி நம் இரக்கத்தைக் கோருவதில்லை. அவன் வேடிக்கை பார்க்கிறான், கேள்வி கேட்கிறான், பசி எடுத்ததும் அய்யாவின் முகத்தைப் பார்க்கிறான். நாம் தானாகவே அவனைச் சிறுவனாகப் பார்க்கத் தொடங்குகிறோம். அவன் செய்தது சரியா தவறா என்று தந்தை விவாதிப்பதும் இல்லை. மகனைக் காப்பாற்ற வேண்டும், அவன் மனம் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு கவலைகள் மட்டுமே அவருக்கு.

2019இல் இந்த நாவலைத் தழுவி 'அசுரன்' திரைப்படம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: படம் தந்தையின் இளமைக் காலத்துக்குப் பெரிய இடம் கொடுத்து அவரை நாயகனாக்கியது, நாவல் சிறுவனை விட்டு அகல்வதே இல்லை. படத்தின் வேகத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். கரிசல் வட்டாரப் பேச்சு பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இருபது பக்கங்கள் மெதுவாகத்தான் செல்லும். அதற்குமேல் அந்தப் பேச்சே நம்மை இழுத்துச் செல்லும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' மறுவாசிப்பு. தாம் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனிடம் கெட்டுப்போய் வீடு திரும்பிய பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்வதாக முடித்திருந்தார். அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே, கங்கா என்ற அந்தப் பெண்ணின் கதையான இந்த நாவல். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்கு வழங்கப்பட்டது. தம் கதையையே திருப்பிப் போட்டு விசாரிக்கும் இந்தத் துணிவு தமிழில் அரிது. ஆனால் ஜெயகாந்தன் கங்காவுக்காக வாதாடும் வழக்கறிஞர். அவளுடைய சிந்தனையிலும் பேச்சிலும் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது. இருபது வயதில் அந்தக் குரல்தான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. இப்போது படிக்கும்போது, வாதம் ஓய்ந்து கங்காவும் அன்று அவளைக் கெடுத்தவனான பிரபுவும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பகுதிகளே மனத்தில் நிற்கின்றன. அந்த நட்பை அவர் எழுதியிருக்கும் விதம் இன்றும் புதிதாக இருக்கிறது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) குறித்து நிறையவே எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவனும் பிள்ளைகளும் இருக்க, சிவசுவோடு உறவு வைத்திருக்கும் அலங்காரத்தம்மாள், தன் மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பி அவன் மூலம் கரையேறப் பார்க்கிறாள். பலரும் அலங்காரத்தின் கம்பீரத்தையும், அப்பு மீது இந்து என்ற பெண் கொண்ட காதலையும் பேசுவார்கள். இந்த முறை என் கண் முழுவதும் தண்டபாணியின் மீதே இருந்தது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அந்தக் கணவரை எழுதும்போது ஏளனத்துக்கும் பரிதாபத்துக்கும் நழுவிவிடுவது எவ்வளவு எளிது! ஜானகிராமன் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. அப்புதான் எனக்குச் சற்று மெலிந்து தெரிந்தான். அவனைச் சுற்றியிருக்கும் பெண்கள் அனைவரும் அவனைவிட முழுமையானவர்கள்.

நான் படித்த பதிப்புகளில் ஒன்றின் முன்னுரை, கதை முழுவதையும் சொல்லிவிட்டு, யார் செய்தது தவறு என்பதையும் வகுத்துக் கொடுத்துவிட்டது. எழுத்தாளர் அத்தனை பக்கங்களில் காத்த நிதானத்தை முன்னுரை நான்கே பக்கங்களில் கலைத்ததைப் பார்த்து உண்மையிலேயே மனம் நொந்தேன். புதிதாகப் படிப்பவர்கள் முன்னுரையைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

ஐந்தாவது, என் மனத்துக்கு மிக நெருக்கமான எழுத்தாளர் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் நூலாக வந்த சிறிய நாவல். ஒரே நாளில் படித்துவிடலாம், நானும் அப்படித்தான் படித்தேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில் ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும் வாழ்கிறார்கள். திரைப்படத்தில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவைக் காரில் அழைத்துப் போகிறவன் பாஸ்கர் ராவ். அசோகமித்திரன் 1966 வரை பத்தாண்டுகளுக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றியவர்; திரையுலகின் உள்ளும் புறமும் அறிந்தவர். விரும்பியிருந்தால் ஜமுனா சீரழிந்த கதையைப் படப்பிடிப்புத் தளங்களில் வைத்து விரிவாக எழுதியிருக்க முடியும். அவரோ அந்த உலகத்தைத் தெருமுனையில் வந்து நிற்கும் ஒரு காராக மட்டும் காட்டிவிட்டு, ஜமுனாவின் கையில் இருக்கும் வாளியைப் பின்தொடர்கிறார். எந்த வீட்டுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், யார் கொடுப்பார்கள், யார் முகம் சுளிப்பார்கள் என்பதே அவளுடைய அன்றாடம். தெருவைத் தோண்டுகிறார்கள், குழாயில் சாக்கடை கலக்கிறது, மீண்டும் தோண்டுகிறார்கள். எல்லாமே அலுவலகக் குறிப்பைப் போன்ற சிறு சிறு வாக்கியங்களில் சொல்லப்படுகின்றன.

டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்லும் பகுதியை நான் மூன்று முறை படித்தேன். சிறு வயதில் நோயாளியான, வயதில் மிகவும் மூத்த ஒருவருக்கு மனைவியாகி, கணவரையும் மாமியாரையும் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய்வரும் பெண் அவள். உயிரை விடத் துணிந்த ஜமுனாவுக்கு அவள் ஆறுதல் சொல்வதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். ஜமுனா கெட்டவள் என்ற நினைப்பே அவளுக்கு எழாதது, அந்தத் தெருவில் வேறு யாரும் ஜமுனாவுக்குக் கொடுக்காத ஒன்று. அதற்குப் பிறகு ஜமுனா மெல்ல நிமிர்வதையும் ஆசிரியர் நமக்கு அறிவிப்பதில்லை. அவள் தண்ணீர் தூக்கும் விதம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அசோகமித்திரனை இதுவரை படிக்காதவர்கள் 'தண்ணீரில்' தொடங்கலாம்; அடுத்து '18வது அட்சக்கோடு'. 'வெக்கை'யை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். 'செல்லாத பண'த்தை மட்டும், அடுத்த இரண்டு நாட்களுக்கு வேறு எதையும் படிக்க வேண்டியிராத நேரமாகப் பார்த்து எடுங்கள்.