சீட் பெல்ட்டா, ஏர்பேக்கா?

"ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று விடுவதற்கு, இரண்டும் செய்வது ஒரே வேலை இல்லை.

கார் நேராக எதிலாவது மோதினால் வண்டி நின்றுவிடும். உள்ளே இருக்கும் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போகும். அதைத் தோள், மார்பு, இடுப்பு எலும்பு என வலுவான இடங்களில் பிடித்து நிறுத்துவது பெல்ட். கார் உருண்டாலும், மறுபடி மோதினாலும் பிடி விடாது. ஆனால் தலையை அதனால் பிடிக்க முடியாது. பலமான மோதலில் முகம் ஸ்டீயரிங் வரை போய்விடும்.

ஏர்பேக் வருவது அங்கேதான். சென்சார் மோதலை உணர்ந்ததும் ஒரு வேதிப்பொருள் எரிந்து வாயுவாகி, கண் இமைப்பதற்குள் பையை நிரப்பிவிடும். முகம் வந்து அழுத்தும்போது பையின் துளைகள் வழியே வாயு வெளியேறும். அப்படி அமுங்குவதுதான் அதன் உயிர்நாடி. அமுங்காத பையில் மோதினால் தலை எகிறித் திரும்பும். குறை என்னவென்றால், ஒருமுறை விரிந்து அடங்கிய பை அடுத்த மோதலுக்கு உதவாது.

சரி, பெல்ட் போடாமல் ஏர்பேக்கை மட்டும் நம்பினால்? பிரேக் அடிக்கும்போதே உடம்பு முன்னால் சரிந்துவிடும். பை இன்னும் சீறி விரிந்துகொண்டிருக்கும்போதே முகமும் மார்பும் அதன் வாசலில் இருக்கும். அந்த வேகத்தில் வரும் அடி கழுத்தை முறிக்கவும் கூடும். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி விடச் சொல்வதும் இதனால்தான். அந்த இடைவெளியை மோதும் கணத்தில் காப்பாற்றித் தருவது பெல்ட். அதாவது, ஏர்பேக் ஒழுங்காக வேலை செய்யவே பெல்ட் வேண்டும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் பெல்ட் என்பேன். முன்சீட்டில் இருப்பவர் இறக்கும் அபாயத்தை அது மட்டுமே 45 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. தலைக்கும் காவல் வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

இரண்டும் இருந்தும் ஆபத்தான ஓர் இடம் உண்டு. பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட் முதுகில்தான் அறையும். பின்சீட்டில் வையுங்கள்.