எச்சரிக்கை: ‘சர்விஸ் ஹோஸ்ட்’ வரிகளைக் காட்டி 480 ரிங்கிட் வாங்கிவிட்டார்கள்

கோலாலம்பூரில் ‘மெமரி நிறைந்துவிட்டது’ என்ற புகாரோடு மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதுபவன். 8 ஜிபி நினைவகம் கொண்ட என் விண்டோஸ் 11 கணினி, எந்தச் செயலியும் திறக்காத நிலையிலேயே நினைவகத்தில் 82 விழுக்காடு பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியதால், நகருக்குள் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி, கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘சர்விஸ் ஹோஸ்ட்’ என்று வரிசையாக நின்ற எழுபது சொச்சம் வரிகளைக் காட்டி, “பாருங்கண்ணே, ஒரே பேர்ல இத்தனை ஓடுது, எல்லாம் வைரஸ்” என்றார். சுத்தம் செய்ய 150, கூடுதல் 8 ஜிபிக்கு 330. நம்ம பிள்ளை சொல்கிறதே என்று மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

அந்த வரிகள் வைரஸ் அல்ல, விண்டோஸின் சேவைகளை (பின்னணியில் நடக்கும் வேலைகளை) ஓட்டும் புரோசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள். முன்பு பல சேவைகள் ஒரே புரோசஸுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகமுள்ள கணினிகளில், ஒன்று பழுதானால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலானவற்றைத் தனித்தனியே ஓடவிட்டார்கள். அந்தப் பெயரில் வைரஸ் ஒளிந்து வருவதும் உண்டுதான். ஆனால் வரியின்மேல் வலது சொடுக்கி, கோப்பு சிஸ்டம் 32 கோப்புறையில் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அதை அவர் செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் பழைய தொல்லை திரும்பியது. இப்போது 16 ஜிபி, அதில் 70 விழுக்காடு. இம்முறை நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன் (கணக்கு எழுதுகிறவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்): பட்டியலிலுள்ள அத்தனை புரோசஸ்களும் சேர்ந்து 3.4 ஜிபிதான், பயன்பாட்டில் இருப்பதோ 11 ஜிபிக்கு மேல். மிச்சம் எங்கே? டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், மெமரி வரைபடத்துக்குக் கீழே, ‘நான்-பேஜ்ட் பூல்’ என்ற இடத்தில் 7.1 ஜிபி என்று நின்றது. இது வட்டுக்கு மாற்ற முடியாதபடி கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) பிடித்து வைத்திருக்கும் பகுதி. எந்தப் புரோசஸின் கணக்கிலும் ஏறாது. வழக்கமாகச் சில நூறு எம்பிதான் இருக்கும். அந்தப் பகுதியை யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் மைக்ரோசாஃப்டின் ‘பூல்மான்’ கருவியில் அளவுவாரியாக வரிசைப்படுத்தியபோது, முதலிடத்தில் இருந்த நான்கெழுத்துக் குறி வைஃபை டிரைவருடையது. கேட்ட நினைவகத்தைத் திருப்பித் தராமல் அது சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. புது டிரைவர் போட்டதும் 300 எம்பிக்கு இறங்கிவிட்டது.

அப்படியானால் கடையிலிருந்து வந்தபோது கணினி வேகமாக ஓடியது எப்படி? நான் இரவுதோறும் ‘ஷட் டவுன்’ செய்தும், சிபியூ பக்கத்தில் ‘அப் டைம்’ (கணினி கடைசியாகப் புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு) பன்னிரண்டு நாள் என்று காட்டியது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால், கெர்னல் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும், டிரைவர் சேர்த்து வைத்ததும் காலியாகும். கடையில் உண்மையில் நடந்த வைத்தியம் ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவே.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. சுத்தம் செய்கிறேன் என்று விண்டோஸ் அப்டேட் சேவையையே முடக்கியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடும் பாதுகாப்புத் திருத்தம் எனக்கு வரவே இல்லை. வாடிக்கையாளர்களின் கணக்குகள் அத்தனையும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “அன்னிக்கு நல்லாத்தானே ஓடுச்சு” என்றார் முதலாளி. பில்லில் ‘சர்விஸ்’ என்ற ஒரே சொல். நீங்கள் கணினியைக் கடையில் கொடுக்கும்போது மெமரி பக்கத்தையும் சேவைகளின் பட்டியலையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, என்னென்ன வேலை என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.