விழுந்த பல்லைக் கொண்டுபோக: பாலா, இளநீரா?

நிலாவெளிப் பக்கம் பந்துபட்டு முன்பல் வேரோடு கழன்றால், கைக்கு முதலில் எட்டுவது இளநீர்தான். வேரில் பெரிடொண்டல் லிகமென்ட் என்ற மெல்லிய நாரிழையம் ஒட்டியிருக்கும். தடிப்பு சுமார் 0.2 மில்லிமீற்றர். அதன் கலங்கள் பிழைத்தால்தான் பல் பழையபடி பிடிக்கும். செத்தால் எலும்பு வேரைக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அமிலத்தன்மை: பால் பிஎச் 6.5–6.8, கலங்களுக்குப் பாதகமில்லை. இளநீர் ஏறக்குறைய 5, புளிப்பு கூட.
செறிவு (கரைந்திருக்கும் உப்பு, சீனி போன்றவற்றின் அளவு): பால் இரத்தத்துக்குக் கிட்ட. இளநீர் காய்க்குக் காய் மாறும்.
கிடைப்பது: இளநீர் வளவிலேயே உண்டு. பாலுக்குக் கடைக்குப் போகவேண்டும். சீனி, சொக்லேட் கலக்காத குளிர்ந்த பால் கேளுங்கள்.

என் தெரிவு பால். பால் இல்லாவிட்டால் மட்டும் இளநீர். குழாய்த் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது, கலங்கள் ஊதி வெடிக்கும். காயவிட்டால் 60 நிமிடத்துக்குப் பிறகு அவை பிழைப்பது அரிது.

நிரந்தரப் பல்லானால் இரண்டையும் விட நல்லது, வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, லேசாக அலசி, உடனே குழிக்குள் வைத்து, லேஞ்சியைக் கடித்தபடி பல் வைத்தியரிடம் ஓடுவது. பாற்பல்லைத் திரும்ப வைக்கவேண்டாம்.